இடது பொட்டி, வலது பொட்டி

"ஹலோ... ஹலோ... ஆன்டனி, கேக்குதா? ... ஆங், இப்ப கேக்குது. சொல்லு. ... இன்னும் அதே கததானா? ... ஐநூத்திரண்டு எர்ரரா? ... பேட் கேட்வேன்னே வருதா? ... ம்... ம்... சரி, நீ மொதல்ல தண்ணி குடி. ... குடிச்சிட்டியா? இன்னொரு வாட்டி குடி. பஸ்ஸு இப்பதான் திண்டிவனம் ஸ்டாண்ட வுட்டு வெளிய வருது. விழுப்புரம் வந்து சேர ஒரு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள முடிச்சிர்லாம். ... ஆமா. ... ஆமாப்பா, ஆமா. முடிச்சிர்லாம்."

முடித்துவிடலாம் என்று சொன்னவளுக்கே அதில் பாதி நம்பிக்கைதான். மணி நாலு நாற்பது. ஆறு மணிக்கு ஊரில் திருவிழாப் பாட்டுப் பூசை. மடியில் லேப்டாப் இருந்தும் பிரயோஜனமில்லை. சென்னையிலிருந்து வருகிற வழியில், மதுராந்தகம் தாண்டும்போதே சார்ஜ் தீர்ந்து படுத்துவிட்டது. சார்ஜரை ஹாஸ்டல் கட்டில்மேல் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தாள். கம்பெனியில் நாற்பது சர்வர்களைக் கட்டி மேய்க்கிற பெண் சார்ஜரை மறப்பாளா என்று கேட்டால், மறப்பாள். பிரின்சி அப்படித்தான்.

விஷயம் இதுதான். விழுப்புரத்துக்கு மேற்கே, முகையூர் போகிற வழியில் இருக்கிற அவர்கள் ஊர் மாதா கோயிலில், பீடத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு மரப்பெட்டிகள் உண்டு. ஒன்றில் நன்றிச் சீட்டு போடுவார்கள்: பிள்ளை பிறந்தது, விசா கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னொன்றில் இறந்துபோனவர்களுக்காகச் சீட்டு. பூசையில் இரண்டையும் உபதேசியார் வாசிப்பார். துபாயிலும் பாரிசிலும் கிடக்கிற ஊர்க்காரர்கள் அங்கிருந்தே சீட்டுப் போடட்டும், பேர்கள் பெரிய திரையில் வரட்டும் என்று ஒரு வெப்சைட் செய்ய ஆரம்பித்தான் ஆன்டனி. பஸ் ஸ்டாப்பில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், சின்ன வயதில் ஒன்பது வருஷம் பீடத்தில் பூசை உதவி செய்தவன், பிரின்சியை ஆறு வருஷமாகக் காதலிப்பவன். மூன்றுமே இந்தக் கதைக்கு வேண்டும், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரின்சியின் அப்பா பாக்கியசாமி கோயில் பங்குப் பேரவைத் தலைவர். ரிப்பேர் கடைக்காரனுக்கா என் பெண் என்று ஆறு மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தவர், போன வாரம்தான் ஒரு படி இறங்கி வந்தார். திருவிழா அன்றைக்கு அந்த வெப்சைட் ஒழுங்காக ஓட வேண்டும், முதல் சீட்டு அவருடையதாக இருக்க வேண்டும், அது திரையில் வர வேண்டும். வந்தால் அந்தப் பையனைப் பற்றிப் பேசலாம். வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கண்டமங்கலத்திலிருந்து பெண் பார்க்க ஒரு குடும்பம் வருகிறது, அவர்கள் முன்னால் மூஞ்சியைத் திருப்பாமல் வந்து நிற்க வேண்டும். பாக்கியசாமி சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது.

"நீ எங்க இருக்க? ... கோயில் ஆபீஸ்லியா. தனியாவா? ... அப்பா எங்க? ... குளிக்க ஊட்டுக்குப் போய்ட்டாரா. நல்லதாப் போச்சு. ... போனையும் எடுத்துக்கினு போனாரா? ... கெட்டுது போ. காலையிலேர்ந்து எத்தினி வாட்டி சீட்டு போட்டுப் பாத்தாரு? ... பதினோரு வாட்டி. ... பதினோரு வாட்டியும் அதே ஐநூத்திரண்டு. ... இன்னா சொன்னாரு? ... ஒண்ணுமே சொல்லலியா? ஐயோ, அதுதாண்டா பேஜாரு. திட்டுனா கூட பரவால்ல. ... சரி சரி, ஸ்க்ரீன பாரு. கன்டெய்னருங்க ஓடுதா? ... மூணும்? வாசல், இடது, வலது? ... ரெண்டு நாளா நிக்காம ஓடுதா. அப்ப உள்ள இருக்கிறதுங்க நல்லாத்தான் இருக்குதுங்க. வாசல்லதான் கோளாறு. ... ஆமா, ப்ராக்ஸில. ... வாணாம், வாணாம். எல்லாத்தையும் கொல்லாத. ஒண்ண மட்டும் கொன்னா போதும்."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பக்கத்து சீட்டில் இருந்த கொளஞ்சியக்கா பார்க்கவெல்லாம் இல்லை, நேராகவே கேட்டுவிட்டாள். மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரி. திண்டிவனத்தில் கருவாட்டுக் கூடையோடு ஏறினவள், உட்கார்ந்த இரண்டாவது நிமிஷத்தில் தன் பேர், ஊர், விழுப்புரத்தில் மகளுக்கு வளைகாப்பு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். அவ்வளவு சொன்னவளுக்கு யாரைக் கொல்கிறார்கள் என்று கேட்க உரிமை உண்டுதானே.

"இரு ஆன்டனி, ஒரு நிமிஷம். ... யாரையும் இல்லக்கா. கம்ப்யூட்டர் சமாச்சாரம். ... எப்பிடி சொல்றது... கல்யாண மண்டபம் இருக்குதில்லக்கா, கீழ ஒரு கல்யாணம் நடக்குது, மாடில ஒரு கல்யாணம் நடக்குது. கேட்டுல ஒரு ஆளு நிப்பான். யாரு ஊட்டு கல்யாணத்துக்கு வந்தீங்கன்னு கேப்பான். நீங்க கீழ போங்க, நீங்க மாடிக்குப் போங்கன்னு அனுப்புவான். வர்றவங்களுக்கு உள்ள எத்தினி ரூமு, சமையக்கட்டு எந்தப் பக்கம், ஒண்ணும் தெரிய வாணாம். அவன் ஒருத்தன கேட்டா போதும். அந்த ஆளுக்குப் பேருதான் ரிவர்ஸ் ப்ராக்ஸி. ... ஆமாக்கா, சாப்பாடு கூட கேக்க மாட்டான். ... உள்ள ரெண்டு கல்யாணமும் தனித்தனி டப்பால நடக்குது. டப்பான்னா கன்டெய்னர். இது சத்தம் அதுக்குக் கேக்காது. ... இப்ப இன்னா ஆச்சின்னா, கேட்டு ஆளு வர்றவங்கள எல்லாம் இங்க கல்யாணமே இல்லன்னு திருப்பி அனுப்பிக்கினு இருக்கான்."

கொளஞ்சியக்காவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அப்படிப்பட்ட ஆளை அங்கே நிறுத்தினவனைத்தான் உதைக்க வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"ஹலோ, ஆன்டனி, உன்ன ஒதைக்கணும்னு சொல்றாங்க. ... எங்க அப்பா இல்லடா, பக்கத்து சீட்டு அக்கா. ... சரி, வாசலோட கான்ஃபிக் ஃபைல தெற. ... ஆமா, போன வாரம் நான் எழுதி அனுப்புனதுதான். ... படி. ... லொகேஷன், நன்றி. ... ம், கரெக்ட்டு. அதுக்குக் கீழ, ப்ராக்ஸி பாஸ். ... இன்னா? திருப்பிச் சொல்லு. ... லோக்கல்ஹோஸ்ட்டா? நான் எங்க லோக்கல்ஹோஸ்ட்டுன்னு எழுதினேன்? இடதுன்னு பேரத்தான எழுதினேன். ... நீ மாத்துனியா. ... ஏன் மாத்துன? ... உன் கடை கம்ப்யூட்டர்ல அப்பிடித்தான் ஓடுச்சா. ... ம். ... ம்ம்."

பிரின்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபப்பட வேண்டிய இடத்தில் சிரித்துத் தொலைக்கிற சுபாவம் அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு. அதற்காக பெஞ்சுமேல் ஏறி நின்றிருக்கிறாள்.

"டேய்... டேய், இரு, சிரிக்க வுடு. லோக்கல்ஹோஸ்ட்டுன்னா இன்னா அர்த்தம்? அவனவன் சொந்த ஊடு. உன் கடைல கேட்டு ஆளு டப்பாக்கு வெளிய நின்னுகினு இருந்தான், ஓடுச்சி. இங்க அவனுக்கும் ஒரு டப்பா குடுத்துருக்குது. லோக்கல்ஹோஸ்ட்டுன்னு நீ எழுதி வச்சா, வர்றவன எல்லாம் அவன் தன் ஊட்டுக்கே கூட்டிக்கினு போறான். அவன் ஊட்ல யாரு இருக்கா? ஒருத்தரும் இல்ல. பூட்டு தொங்குது. அதான் ஐநூத்திரண்டு. ... பரவால்ல வுடு. எல்லாரும் ஒரு வாட்டி பண்றதுதான். ... நானா? நான் வேலைக்குச் சேந்த மொத மாசம் பண்ணேன். ... யாருக்கும் சொல்லல. நீயும் சொல்லாத. ... இப்ப அத அழிச்சிட்டு டப்பா பேர அடி. நன்றிக்கு இடது. இறந்தோருக்கு வலது. ... ஆமா, நம்ம கோயில்ல பொட்டி இருக்கிற மாதிரியே. ... அதேதான். ... போர்ட்டு மூவாயிரம், ரெண்டுக்கும். ... ஒரே நம்பர் இருக்கலாண்டா, டப்பாதான் வேற வேறயாச்சே. ... செமிகோலன் போட்டியா? ... கையால தொட்டுப் பாத்து சொல்லு. ... சரி. வாசல கொன்னுட்டு திருப்பி எழுப்பு."

பஸ் கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் நின்றது, ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். கொளஞ்சியக்கா அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, காகிதப் பொட்டலத்தோடு பிரின்சியின் மடியில், அந்தச் செத்த லேப்டாப்மேல் வைத்துவிட்டு, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன் சீட்டுக்காரரும் இப்போது கூச்சத்தை விட்டுவிட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"எழுந்துச்சா? ... வெப்சைட் பக்கத்த தெற. ... வருதா? ... ஆன்டனி, வருதா? பேசு. ... வந்துருச்சா? ... மாதா படம்? ... கீழ ரெண்டு பட்டனும்? ... நெஜமா? பச்சையா ஒண்ணு, கறுப்பா ஒண்ணு? ... வந்துருச்சிக்கா! கல்யாணம் இருக்குதுன்னு சொல்லிட்டான்!"

கொளஞ்சியக்கா கைதட்டினாள். முன் சீட்டுக்காரர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார். கண்டக்டர் யாருக்குச் சில்லறை என்று கேட்டுக்கொண்டே வந்து, கேட்டுக்கொண்டே திரும்பிப் போனார். பிரின்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்து அதற்கு முன்னால் ஓடலாம்போல் இருந்தது.

"ஆங், நல்லா கேக்குது. மல்லாட்டை தின்னுகினு இருக்கிறேன், அதான் அந்த சத்தம். ... எனக்கு இன்னா குடுப்ப? ... பரோட்டாவா? ம்ஹூம். ... ஆறு வருஷமா பரோட்டாவே குடுத்துக்கினு இருக்க. ... ம். ... ம்... சீ, போ. பஸ்ஸே கேட்டுக்கினு இருக்குது. ... சரி சரி, அப்பாவுக்குப் போன் பண்ணி ஓடுதுன்னு சொல்லு. ... அவரே போட்டுட்டாரா? எப்ப? ... லாக் ஃபைல்ல வந்துருக்குதா? ... இப்பதானா? தலைல தண்ணி ஊத்துறதுக்கு முன்ன, பன்னெண்டாவது வாட்டி. விட மாட்டாரே. ... போய்ருச்சின்னு காட்டுதா? ... நன்றி பட்டனதான அமுக்குனாரு? ... ஹா... இன்னா எழுதியிருக்காரு? ... பாக்கியசாமி, தெற்குத் தெரு. அவ்ளோதானா? எதுக்கு நன்றின்னு போடலியா? ... அவரு அப்பிடித்தான். ஆண்டவருக்குத் தெரியும்னுவாரு. ... ஆன்டனி, மொத சீட்டு அவுருது. ஓடுது. திரைல வரும். நமக்குக் கெடைச்சிட்டுதுடா. ... அழாத. ... நான் அழல, எனக்கு மல்லாட்டை பொரையேறிடுச்சி."

பொய். அழுதுகொண்டுதான் இருந்தாள், பல்லெல்லாம் தெரிய.

"... ம்? ... பின்னாடி இன்னா சத்தம் அது? ... மணியா? பூசைக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்குதே. ... இரு, பேசாத, கேக்க வுடு. ... விட்டு விட்டு அடிக்குது. ... ஆன்டனி, அது துக்க மணிடா. ... திருவிழா அன்னிக்கு யாரு? ... நீ போய்ப் பாரு. கட் பண்ணாத, கையில வச்சிகினே போ."

அவர்கள் ஊரில் யாராவது இறந்தால் கோயில் பிள்ளை பெரியதம்பி பெரிய மணியை விட்டு விட்டு அடிப்பார். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லி முடித்துவிடலாம். அந்த மணி கேட்டால் ஊரில் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள், யாருடைய வீடு என்று தெரிந்துகொள்ள. பிரின்சி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே சிலுவை போட்டுக்கொண்டாள். கொளஞ்சியக்கா ஒன்றும் புரியாமல் தானும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"... சொல்லு. ... திரைலயா? திரைல இன்னா? ... கறுப்பு சிலுவை போட்ட பக்கமா? ... யாரு பேரு? ... யாரு பேருடா, சொல்லித் தொல. ... பாக்கி... எந்த பாக்கியசாமி? ... தெற்குத் தெரு."

அந்த நாலு நொடியில் பிரின்சி செத்துப் பிழைத்தாள். அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுவது கண்ணுக்கு முன்னால் அப்படியே வந்தது. போன வாரம் அவரிடம் கோபமாகப் பேசினது, போனை வைத்தது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஐந்தாவது நொடியில்தான் புத்தி வேலை செய்தது.

"இரு. இருடா. அது அவரு போட்ட சீட்டு! பன்னெண்டாவது சீட்டு! ... ஆமா, அதேதான். அப்பா நல்லா இருக்காரு, அவரு சீட்டுதான் செத்தவங்க பக்கம் போய்ருச்சி. ... பெரியதம்பி அண்ணன் அதப் பாத்துட்டுத்தான் அடிக்கிறாரு. ... யாரையும் கேக்கலியா? ... அவரு எதுக்குக் கேப்பாரு, கோயில் திரைல வந்தா அவருக்கு வேதவாக்கு. ... நிறுத்தச் சொல்லு. ... காதுல பஞ்சு வச்சிருப்பாரா. ... ஆமா, மணி அடிக்கிறப்ப வைப்பாரு. ... ஐயோ, மாதாவே. ... நன்றி எப்பிடிடா அந்தப் பக்கம் போச்சி? நன்றிக்கு இடதுன்னுதான எழுதுன. ... இடது டப்பால நீ எத வச்ச? ... இறந்தோரா? ஏன்? நன்றிப் பொட்டி இடது பக்கம்தான இருக்குது. ... வலது பக்கமா? யாருகிட்ட சொல்ற. பதினஞ்சி வருஷமா பாட்டுக் கோஷ்டில நின்னு பாத்துக்கினு இருக்கிறேன், இடது பக்கம் நன்றி, வலது பக்கம்... இரு. நீ எங்க நின்னு பாத்த?"

பிரின்சி தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"பீடத்துலேர்ந்தா. ... ஒம்போது வருஷம். ... ஜனங்களப் பாத்து நின்னுகினு. ... ம்."

ஒரே கோயில், ஒரே இரண்டு பெட்டி. அவள் கீழே நின்று பீடத்தைப் பார்த்தவள், அவன் மேலே நின்று ஜனங்களைப் பார்த்தவன். அவளுக்கு இடது என்பது அவனுக்கு வலது. அவன் டப்பா செய்தான், அவள் வழி எழுதினாள், கோயிலில் இருக்கிற மாதிரியே என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஆறு வருஷக் காதலில் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்று மட்டும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ளவில்லை. கொளஞ்சியக்காவிடம் பிரின்சி இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னாள். அக்கா உச்சுக்கொட்டினாள்.

"அக்கா இன்னா சொல்றாங்க தெரியுமா? கடல்ல யாரும் இடது வலதுன்னு சொல்ல மாட்டாங்களாம். வடக்க, தெக்க, அவ்ளோதானாம். நாம வடக்குப் பொட்டி, தெக்குப் பொட்டின்னு வச்சிருக்கணும். ... ஆமா, இப்ப சொல்லி இன்னா. ... நீ மொதல்ல ஓடிப் போய் ரெண்டு டப்பா பேரையும் மாத்திப் போடு. ஜல்தி. ... எங்க இருக்க நீ? ஏன் மூச்சு வாங்குது? ... தெற்குத் தெருவுலயா? ஆபீசுக்குப் போவாம அங்க இன்னாத்துக்கு ஓட்ற? ... அப்பாகிட்ட நேரா சொல்லிட்றதுக்கா? ... வாணாம் ஆன்டனி. போவாத. இன்னிக்கு மட்டும் அவரு கண்ணுல படாத. நான் வந்து சொல்லிக்கிறேன். ... கேக்க மாட்டியா. ... யாரெல்லாம் ஓட்றாங்க? ... ஊரேவா. ... சமையக்காரங்களுமா? பிரியாணி அடுப்பு? ... அப்பிடியே வுட்டுட்டாங்களா. ... யாரு? ... சவுரி மாமாவா? சவுரிராயன் மாமாவா? ... நல்லாப் பாத்தியா? ... செருப்பு கூட இல்லாமலா?"

சவுரிராயன் அவளுடைய தாய்மாமன். தேர் முதலில் யார் வீட்டு வாசலில் நிற்பது என்கிற விஷயத்தில் நாலு வருஷத்துக்கு முன்னால் பாக்கியசாமியோடு பேச்சை முறித்துக்கொண்டவர். அன்றிலிருந்து கோயிலில் அவர் ஒரு தூணுக்குப் பின்னால், இவர் இன்னொரு தூணுக்குப் பின்னால். தாய்மாமன் வராமல் நம் வீட்டில் எப்படி ஒரு நல்ல காரியம் நடக்கும் என்று அம்மா அழாத நாள் கிடையாது. அந்த மனுஷன்தான் தெற்குத் தெருவில் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

"... ம். ... சத்தமா சொல்லு, ஒரே கூச்சலா இருக்குது. ... அப்பா வெளிய வந்துட்டாரா? ... தலைல சோப்போடவா? ... இன்னா கேட்டாரு? ... யாருக்கு மணின்னா?"

பிரின்சி போனை மார்பில் அழுத்திக்கொண்டு குனிந்து சிரித்தாள். கொளஞ்சியக்காவிடம் சொன்னாள், அவள் முன் சீட்டுக்குச் சொன்னாள், முன் சீட்டு அதற்கும் முன் சீட்டுக்குச் சொன்னது. ஒரு நிமிஷத்தில் டிரைவர் வரைக்கும் போய்விட்டது.

"... ஆங், இருக்கிறேன், சொல்லு. மாமா இன்னா பண்றாரு? ... கட்டிப் புடிச்சிக்கினாரா. ... சோப்பெல்லாம் சட்டைல. ... மச்சான்னு கூப்புட்டாரா? ... அழுவுறாரா. ... அப்பாவுமா? ... அப்பா அழுவ மாட்டாருடா. ... சோப்பு கண்ணுல போச்சின்னு சொல்றாரா. ... அம்மா எங்க? ... வாசப்படில ஒக்காந்து சிரிக்கிறாங்களா. ... ஆன்டனி, இப்பவாச்சும் கெளம்பு. அவரு உன்னப் பாக்குறதுக்குள்ள... ... இன்னா? ... கூப்புட்றாரா. ... ஆன்டனி? ... ஹலோ? ... ... அப்பா."

முதுகு தானாக நிமிர்ந்தது. மல்லாட்டைப் பொட்டலம் கீழே விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"ஆங், நான்தாம்ப்பா. ... ஸ்தோத்திரம்ப்பா. ... பஸ்லதாம்ப்பா, விக்கிரவாண்டி டோல்கேட்டுகிட்ட வந்துட்டேன். ... ஆமாப்பா. ... கேட்டேம்ப்பா. ... இல்லப்பா, சிரிக்கல. ... தெரியும்ப்பா, துக்க மணி வெளையாட்டு இல்ல. ... அப்பா, ஒண்ணு சொல்லிட்றேன். அவம்மேல தப்பில்ல. தப்பு என்னுது. நான்தான் வழி எழுதுனது. இடது வலதுன்னு பேரு வச்சது நான், எந்தப் பக்கத்துலேர்ந்துன்னு கேக்காம வச்சிட்டேன். ... ஆமா, நான்தான். என்ன திட்டுங்க. கண்டமங்கலத்துக்காரங்கள வரச் சொல்லணும்னா சொல்லுங்க, ஆனா அவன... ... இன்னாப்பா? ... அவனும் அதேதான் சொன்னானா? ... தப்பு அவனுதுன்னா? ... ஓடி வந்து, எல்லாரு முன்னாடியுமா? ... பொய் சொல்றாம்ப்பா. ... பாதி பொய்."

பின்னால் ஜனங்களின் சத்தமும், யாரோ மூக்குச் சிந்துகிற சத்தமும் கேட்டன. பிரின்சி கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு வருஷமும் அப்பா அடுத்து வாய் திறப்பதில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"... ம். ... இருக்கிறேம்ப்பா. ... சரி, ஒடனே மாத்தச் சொல்றேன், அவன ஆபீசுக்கு அனுப்புங்க. ரெண்டு வார்த்ததான், மாத்திப் போட்டா முடிஞ்சிது. ... இன்னாப்பா? ... மாத்த வாணாமா? ... ஏம்ப்பா? ... இன்னும் பத்து நிமிஷம் அப்பிடியே இருக்கட்டுமா? ... எதுக்கு? ... யாரு யாரு வர்றாங்கன்னு பாக்கணுமா?"

இந்தத் தடவை போனை மறைக்கவில்லை. அப்பா காதிலேயே சிரித்தாள். அந்தப் பக்கமும் ஒரு மாதிரி இருமல் சத்தம் கேட்டது. பாக்கியசாமி சிரித்தால் அப்படித்தான் இருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை கேட்கலாம்.

"... மேலத் தெருவு மொத்தமும் வந்துட்டாங்களா. ... மாரியப்பன் டிராக்டர நடுரோட்ல நிறுத்திட்டானா. ... சீனுவாசன் வாத்தியாரு மட்டும் இன்னும் வரலியா? ... குறிச்சி வச்சிக்கிங்க. ... ஆங். ... ஆங், சொல்லுங்கப்பா. ... இன்னொரு சீட்டா? உங்களுக்கா? ... வேற பேரா. இருங்க, எழுதிக்கிறேன். அக்கா, பேனா இருக்குதா? ... பரவால்ல, மனசுலயே வச்சிக்கிறேன். சொல்லுங்க. ... ஆன்டனி. ... ம். ... பிரின்சி. ... எதுக்குன்னு போட? ... மொத..."

அவர்கள் ஊரில் கல்யாணம் முடிவானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் சேர்த்து வாசிப்பார்கள். அதற்குப் பேர் ஓலை.

"மொத ஓலை. ... மொத ஓலைக்காக. ... ஃபாதர்கிட்ட நீங்களே பேசுறீங்களா. ... கண்டமங்கலத்துக்கு? ... மாமா போய்ச் சொல்லிட்டு வர்றேன்னாரா. ... அப்பா... ... இல்லப்பா, அழல. ... ஆமா, அழுவுறேன். ... ம். ... ம். ... இல்லப்பா, இப்பவே போட மாட்டேன். ... சத்தியமா போட மாட்டேன். ... மொதல்ல பொட்டிய மாத்திட்றோம். மாத்துனதும் உங்க பேர இன்னொரு வாட்டி போட்டுப் பாக்குறோம். பச்சைப் பக்கம் நல்லபடியா வந்துச்சின்னாதான் எங்க பேரப் போடுவோம். ... ஆமாப்பா. ... இல்லப்பா, எங்க ரெண்டு பேருக்கும் மணி அடிக்க வுட மாட்டேன். ... சரிப்பா. ... சரிப்பா. ... ஹலோ? ..."

லேப்டாப் போன வழியே போனும் போய்விட்டது. அதன் சார்ஜரும் அதே ஹாஸ்டல் கட்டில்மேல்தான் இருந்தது. கொளஞ்சியக்கா கீழே சிதறின மல்லாட்டையைப் பொறுக்கிக்கொண்டே, சீட்டை எந்தப் பொட்டியில் போடுவதாக முடிவாயிற்று என்று கேட்டாள். பிரின்சி காதில் விழாதவளாக, செத்துப்போன போனைக் காதிலிருந்து எடுக்காமல், சரிப்பா, சரிப்பா என்று சொல்லிக்கொண்டே விழுப்புரம் வரைக்கும் போனாள்.